ரோமானிய, பைசாந்தியப் பேரரசுகளின் வீழ்ச்சி: தமிழகச் சான்றுகள்

ரோமானியப் பேரரசின் வீழ்ச்சிக்குப் பாடநூல்கள் கி.பி. 476 என்று ஒரே ஆண்டைச் சொல்லிவிடுகின்றன. மேற்கின் கடைசிப் பேரரசர் ரோமுலஸ் அகஸ்டுலஸ் பதவி இழந்த ஆண்டு அது. கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்குப் பேரரசு, அதாவது பைசாந்தியம், அதன் பிறகும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு நீடித்து 1453இல்தான் முடிந்தது. இந்த நீண்ட தேய்வின் முற்பகுதிக்குத் தமிழ் மண்ணிலும் சான்றுகள் உண்டு. ஆற்று மணலில் கிடைத்த காசுகளும் அகழாய்வுக் குழிகளில் கிடைத்த ஜாடி ஓடுகளும் அரசர் பட்டியல்களைவிடத் தெளிவாக அதைப் பேசுகின்றன.

பொன்னும் வெள்ளியும்

முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் (கி.மு. 27 – கி.பி. 14) எகிப்தின் மயோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்திலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டதாக கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதினார். இங்கிருந்து மிளகும் முத்தும் மெல்லிய துணியும் போயின. அங்கிருந்து பொன், வெள்ளி, திராட்சை மது வந்தன. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி அந்த நூற்றாண்டிலேயே வருந்தினார்.

காஞ்சிபுரம், ராஜகுளம், உத்திரமேரூர் ஆகிய ஊர்கள் அடங்கிய பாலாற்றுப் பகுதியும் இந்த வாணிகத்துக்கு வெளியே நிற்கவில்லை. பாலாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970இல் நடத்திய அகழாய்வில், உறைகிணறுகளோடு ஆம்போரா எனப்படும் மது ஜாடிகளின் உடைந்த துண்டுகளும் வெளிவந்தன.

புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. இனி இது நாணயமாகச் செல்லாது, எடைக்கு எடை பொன்னாகவே மதிக்கப்படும் என்பதற்கான அடையாளம் அந்த வெட்டு என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எனில், ரோமின் முத்திரைக்கு இங்கே மரியாதை இல்லை; உலோகத்தின் தரத்துக்கே மரியாதை. கி.பி. 64இல் பேரரசர் நீரோ வெள்ளிக் காசின் எடையையும் தரத்தையும் குறைத்தார். தென்னிந்தியப் புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் வெள்ளிக் காசுகள் குவிந்து கிடக்க, நீரோவுக்குப் பிந்தைய வெள்ளி அரிதாகவே தென்படுகிறது. பேரரசு வலிமையின் உச்சியில் இருந்தபோதே அதன் பணத்தின் மதிப்பு இந்தக் கரையில் உரசிப் பார்க்கப்பட்டுவிட்டது.

தேய்ந்த செப்புக் காசுகள்

கி.பி. 235 முதல் 284 வரை பேரரசர்கள் ஒருவர் பின் ஒருவராக வெட்டுண்டு விழுந்தார்கள். 260களின் இறுதிக்குள் ரோமானிய ‘வெள்ளி’க் காசில் வெள்ளி நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. தமிழக வாணிகமும் அத்தோடு செத்தது என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. அது சரியல்ல. கரூரில் அமராவதி ஆற்றிலும் மதுரையில் வைகையிலும் 4, 5ஆம் நூற்றாண்டுச் செப்புக் காசுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைத் திரட்டி 1994இல் தனி நூலாகவே வெளியிட்டார். விரல்நகம் அளவே உள்ள, எழுத்துத் தேய்ந்த சில்லறைக் காசுகள் அவை. அழகன்குளம் அகழாய்விலும் 4ஆம் நூற்றாண்டின் ரோமானியக் காசுகள் வந்தன. வாணிகம் நிற்கவில்லை, ரோமின் கை மட்டும் தளர்ந்தது.

மிளகின் தேவை குறையவில்லை என்பதற்கு ரோமிலேயே சான்று உண்டு. 408இல் விசிகோத் தலைவன் அலாரிக் அந்நகரை முற்றுகையிட்டபோது கேட்டு வாங்கிய பொருள்களில் 3,000 பவுண்டு மிளகும் ஒன்று. இரண்டே ஆண்டில் திரும்பி வந்து நகரைச் சூறையாடினான்.

இதற்கிடையே கடல்வழி பிறர் கைக்குப் போனது. செங்கடலில் எத்தியோப்பியாவின் அக்சும் அரசும் பாரசீக வளைகுடாவில் பாரசீகத்தை ஆண்ட சாசானியரும் இடையில் நின்று வாணிகம் செய்தனர். இந்தியக் கரைகளில் ரோமானிய ஆம்போரா என்று எண்ணப்பட்டிருந்த ஓடுகள் பல, பிற்கால மறுஆய்வில் மெசபடோமியாவின் ஜாடித் துண்டுகள் என்று தெரியவந்தன. உட்புறம் பூசிய நிலக்கீல்தான் அவற்றைக் காட்டிக்கொடுத்தது.

கிழக்கின் முடிவு

541இல் தொடங்கிய கொள்ளைநோயும் 602 முதல் 628 வரை பாரசீகத்தோடு நடந்த போரும் பைசாந்தியத்தின் வலுவை உறிஞ்சின. 642இல் அலெக்சாந்திரியாவிலிருந்து அதன் படைகள் வெளியேற, எகிப்து அரபியர் வசமானது. காஞ்சியின் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியத் தலைநகர் வாதாபியைக் கைப்பற்றியதாக வரலாற்றாசிரியர்கள் கொள்வதும் அதே ஆண்டைத்தான். மாமல்லபுரம் தழைத்த பல்லவர் காலக் கடலில் ரோமானியக் கப்பலுக்கு இடமில்லை.

பைசாந்தியம் 10ஆம் நூற்றாண்டில் மீண்டெழுந்தது. ஆனால் 11ஆம் நூற்றாண்டில் அதன் பொற்காசிலும் கலப்படம் புகுந்து, 1080களில் பொன் பெயரளவுக்கே இருந்தது. 1071இல் மான்சிகெர்ட்டில் செல்ஜுக் துருக்கியரிடம் தோல்வி. 1204இல் சிலுவைப் போர்ப் படையே தலைநகரைக் கொள்ளையிட்டது. 1453 மே 29 அன்று ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் நகருக்குள் நுழைந்தார். பைசாந்தியப் பேரரசர் பதினோராம் கான்ஸ்டன்டைன் போரிட்டு மடிந்தார்.

அந்த வீழ்ச்சியால் மிளகு வழி அடைபட்டதால்தான் வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தார் என்று இன்றும் எழுதுகிறார்கள். அதுவும் சரியல்ல. அக்காலத்தில் இந்திய மிளகு பெரும்பாலும் செங்கடல் வழியாக மம்லூக்குகள் ஆண்ட எகிப்தை அடைந்து, அலெக்சாந்திரியாவில் வெனிசு வணிகர் கைக்குப் போனது. கான்ஸ்டாண்டிநோபிள் விழுந்த பிறகும் அந்த வழி திறந்தே இருந்தது.