விடை தெரியாத வினா: கல்லூரி இடுபணியின் வரலாறு குறித்துச் சில எண்ணங்கள்

பல்கலைக்கழகத்திலும் ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலும் ஒவ்வொரு பருவத்திலும் மாணவருக்கு நாம் இடுபணி தருகிறோம். இதனை ஒப்படைப்பு என்று வழங்குவாரும் உளர். பெயர் எதுவாயினும், அது எங்கிருந்து வந்தது, எதற்காக ஏற்பட்டது என்னும் வினாக்கள் நம்மிடையே அரிதாகவே எழுகின்றன. தேர்வைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இடுபணியைத் தேர்வின் இளைய உடன்பிறப்பாகவே கருதி ஒதுக்கிவிட்டோம். அதன் வரலாற்றைச் சற்று நோக்கினால், எத்தகைய இடுபணி மாணவரை உருவாக்கியது, எத்தகையது தாளை மட்டும் நிரப்பியது என்பது புலப்படும்.

நமக்கு நன்கு அறிமுகமான நூலிலிருந்தே தொடங்கலாம். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்டலின் வரலாறு என்றொரு பகுதி உண்டு. ஆசிரியர் உரைத்ததை மாணாக்கன் முழுமையாக உள்ளத்திற் கொண்டாலும் அவனுக்குக் கிட்டுவது புலமையில் கால் பங்கே என்கிறார் பவணந்தியார். உடன் பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு கால் பங்கு கிட்டும். தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப் பங்கு வந்து சேரும். அதாவது, கல்வியின் முக்கால் பங்கு விரிவுரைக்கு வெளியே நிகழ்கிறது. இந்நூற்பாக்களை மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகின்றனர். அவை சொல்வதைச் செய்யும் வாய்ப்பு அவர்களுக்கு அரிதாகவே வாய்க்கிறது.

புலவரிடம் தனியே பாடம் கேட்ட காலத்தில் வேறொரு பயிற்சியும் வழக்கிலிருந்தது. ஆசிரியர் ஈற்றடி ஒன்றைக் கொடுப்பார். மாணாக்கன் அதற்கேற்ப வெண்பாவை நிறைவு செய்ய வேண்டும். எல்லை வரையறுக்கப்பட்டது, யாப்பு கண்டிப்பானது. ஆனால் பொருள் மாணாக்கனுடையது. பத்துப் பேர் எழுதினால் பத்து வெண்பாக்கள் கிடைக்கும். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதுவதற்கு அங்கே இடமே இல்லை.

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் வாய்மொழி வாதமே மாணவரின் திறனைக் காட்டும் வழியாக இருந்தது. எழுதிக் கொண்டுவந்து படித்து வாதிடும் முறை 18ஆம் நூற்றாண்டில் செருமானியப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியது. கோட்டிங்கன் நகரில் கெஸ்னர் 1738இல் ஒரு மொழியியற் கருத்தரங்கை நிறுவினார். ஹாலே நகரில் பிரெடெரிக் ஆகஸ்ட் வோல்ஃப் 1787இல் மற்றொன்றைத் தொடங்கினார். இன்று நாம் செமினார் என்று வழங்குவதன் மூலம் இதுவே. 1825இல் பெர்லினுக்கு வந்த லியோபோல்ட் ஃபான் ராங்கே வரலாற்று மாணவரைத் தம் இல்லத்திற்கு அழைத்து, மூல ஆவணங்களை அவர்கள் முன் வைத்து ஆராயச் செய்தார். அவர் மாணவருள் ஒருவரான கியோர்க் வைட்ஸ், முதலாம் ஹென்றி அரசரைப் பற்றிப் பல்கலைக்கழகப் பரிசுப் போட்டிக்கென எழுதியது 1837இல் நூலாக வெளிவந்தது. வைட்ஸும் ஹிர்ஷ் என்னும் மற்றொரு மாணவரும் 1839இல் வெளியிட்ட ஆய்வு, கோர்வை மடத்தினது எனப் பலரும் நம்பிய ஒரு வரலாற்றுக் குறிப்பேடு போலியானது என்று நிறுவியது. இருபதுகளில் இருந்த இளைஞர்கள் செய்த பணி இது. ராங்கே அவர்களுக்குக் கொடுத்தது, விடை ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த வினா அன்று. இப்பணிகள் பயன் தந்தமைக்கு அதுவே முதற்காரணம் என்று நாம் கருதுகிறோம்.

இம்முறை நம்மை வந்தடைவதற்குத் தடையாக நின்றது இலண்டன் மாதிரி. 1857இல் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்றிடங்களில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றித் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே தொடங்கின. கற்பித்தல் கல்லூரியின் வேலை. மதிப்பிடுதல் பல்கலைக்கழகத்தின் வேலை. மாணவரை அறியாத ஒருவர் தாளைத் திருத்துகையில், வினா எல்லார்க்கும் பொதுவானதாகவே இருத்தல் வேண்டும். பொதுவான வினாவுக்குப் பொதுவான விடை உண்டு. அவ்விடையை அச்சிட்டு விற்கும் உரைக்குறிப்பு நூல்களும் உண்டாயின. கல்கத்தாப் பல்கலைக்கழகம் பற்றி 1917 முதல் 1919 வரை ஆராய்ந்த சாட்லர் குழு, தேர்வு கல்வியை ஆட்டிப்படைக்கும் நிலையைக் கடுமையாகச் சுட்டிக்காட்டியது. தமிழ் கற்பித்தலில் அந்நிழல் இன்றும் முற்றாக அகலவில்லை என்பது நம் கருத்து.

இதற்கு மாறாக, எழுதுவித்தால் போதும், மிகுதியாக எழுதுவித்தால் மிகுதியாகக் கற்பர் என்னும் எண்ணமும் ஒருபுறம் வளர்ந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1880களில் பாரெட் வெண்டல் என்னும் பேராசிரியர் மாணவரை நாள்தோறும் ஒரு சிறு கட்டுரை எழுதச் செய்தார். அன்றாடம் கண்டதை நுணுகி நோக்கும் பழக்கத்தை இது வளர்த்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் கட்டுரைப் பயிற்சி நாடெங்கும் பரவியபோது திருத்தும் சுமை ஆசிரியரை அழுத்தியது. அமெரிக்க ஆங்கில ஆசிரியர்களுக்கென 1912இல் தொடங்கிய இங்கிலீஷ் ஜர்னல் இதழின் முதற்கட்டுரையில் எட்வின் ஹாப்கின்ஸ், இன்றைய சூழலில் கட்டுரை எழுதுவதை நன்கு கற்பிக்க முடியுமா என்று தலைப்பிலேயே வினவி, முடியாது என்று ஒரே சொல்லில் விடையிறுத்துத் தொடங்கினார். நூறு தாள்களைச் சுமந்து வீடு திரும்பும் ஆசிரியர் எவருக்கும் அவ்விடை புதிதாகத் தோன்றாது.

நம் நாடுகளுக்கு வருவோம். 1949 அக்டோபர் 8ஆம் நாள் சிங்கப்பூரில் நிறுவப்பட்ட மலாயாப் பல்கலைக்கழகம், சிறப்புப் பட்ட மாணவர் இறுதியாண்டில் ஓர் ஆய்வேடு எழுதும் முறையைக் கொண்டிருந்தது. அகாடமிக் எக்சர்சைஸ் என்பது அதன் அலுவற்பெயர். 1956இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறையிலும் இம்முறை நிலைபெற்றது. பயிற்சி என்றுதான் பெயர். ஆயினும் தோட்டத் தொழிலாளர், தமிழ்ப்பள்ளி, கோயில் முதலிய பொருள்களைப் பற்றி அம்மாணவர்கள் நேரில் சென்று திரட்டிய செய்திகள் பல, வேறெங்கும் கிடைக்காதவை. மலேசிய இந்தியர் வரலாற்றை எழுதிய அறிஞர்கள் அவற்றைத் தம் நூல்களில் சான்றாகக் காட்டியிருக்கின்றனர். ஒரு மாணவர் தம் ஊருக்குச் சென்று தம் பாட்டியாரின் தலைமுறையினரிடம் வினவி எழுதியது, இன்று அத்தோட்டமே இல்லாத நிலையில் ஆவணமாகிவிட்டது. வைட்ஸின் போலி ஆவண ஆய்வுக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

குறை என்னவெனில், இத்தகைய பணி இறுதியாண்டுக்கு மட்டுமே உரியதாகி, அதற்கு முந்திய ஆண்டுகளில் 'வளர்ச்சியை விளக்குக', 'சிறப்பினை ஆராய்க' என்னும் தலைப்புகளே ஆட்சி செய்கின்றன. முன்பு நூலகத்தில் ஒரே நூலைப் பலரும் பார்த்தெழுதினர். பின்னர் இணையத்திலிருந்து எடுத்தெழுதினர். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின் எடுத்தெழுதும் உழைப்பும் தேவையற்றுப் போயிற்று. கருவியைப் பழிப்பதால் பயனில்லை. யாரும் விடையளிக்கக்கூடிய வினாவை நாம் கேட்டால், விடையளிப்பது யார் என்பது நமக்குத் தெரியாமலே போகும்.

முதலாண்டு மாணவருக்கே பொருந்தும் ஒரு பணியை இங்கே எடுத்துக்காட்டாகக் கூறலாம். 1935இல் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்கள் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் மின்வழித் தொகுப்பில் உள்ளன. தமிழ் இதழியல் வளர்ச்சியை விளக்குமாறு கேட்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு மாணவருக்கும் வெவ்வேறு ஆண்டின் ஒரு வார இதழ்களை ஒதுக்கலாம். அவற்றிலுள்ள விளம்பரங்களுள் பத்தினைப் படியெடுத்து, இன்று வழக்கிழந்த சொற்களுக்குக் குறிப்பெழுதி, அக்காலத் தமிழர் வாழ்க்கையைப் பற்றி ஒரே ஒரு கருத்தை முன்வைத்து, அதற்குரிய சான்றுகளையும் அதற்கு எதிரான சான்றுகளையும் காட்டுமாறு பணிக்கலாம். இரண்டாயிரம் சொற்கள் தேவையில்லை, எண்ணூறு போதும். அதன்பின் வகுப்பில் பத்து நிமிடம் எடுத்துரைத்து, வேறு ஆண்டை ஆராய்ந்த தோழர் கேட்கும் வினாக்களுக்கு அவர் விடையளிக்கட்டும். எடுத்துரைத்தலுக்கு மதிப்பெண்ணில் பாதியை ஒதுக்கினால், அது பவணந்தியார் வகுத்த கணக்குக்கும் ஒத்துவரும்.

காலக்கெடுவைப் பற்றியும் ஒரு சொல். சிங்கப்பூரில் 1950 முதல் 1958 வரை வரலாற்றுப் பேராசிரியராக விளங்கிய நார்த்கோட் பார்க்கின்சன், கொடுத்த காலம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு வேலை விரியும் என்னும் தம் புகழ்பெற்ற விதியை 1955இல் வெளியிட்டார். அவர் மனத்திலிருந்தது அரசு அலுவலகந்தான். எனினும் இடுபணிக்கு இதைவிடப் பொருந்தும் விதி வேறில்லை. பதினான்காம் வாரத்தில் ஒப்படைக்குமாறு சொன்னால் பணி பதின்மூன்றாம் வாரம்தான் தொடங்கும். படியெடுத்த விளம்பரங்களை நான்காம் வாரத்திலும், முன்வைக்கும் கருத்தை ஒரே பத்தியில் ஏழாம் வாரத்திலும் கேட்டுப் பெறுவது நலம். ஒரு பத்தியைப் படித்துக் குறிப்பெழுத ஐந்து நிமிடம் ஆகும். அறுபது பேருக்கு ஐந்து மணி நேரம். முழுக் கட்டுரை முடிந்த பின் அதன் ஓரத்தில் எழுதும் திருத்தங்களை மாணவர் பெரும்பாலும் படிப்பதில்லை. ஏழாம் வாரக் குறிப்பை அவர் படித்தே தீர வேண்டும். ஏனெனில் கட்டுரை இன்னும் எழுதப்படவில்லை.