தொழிற்சாலைக் கமரா: வெளியீட்டுக் கம்பியை இணைக்கமுன்
தொழிற்சாலையில் வேலை செய்யும் எம்மவருக்கும் பிள்ளைகளுக்குமான குறிப்பு இது. முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

கமராவின் ஒளிவழி தனிமைப்படுத்திய வெளியீடு பொதுவாக மின் தருவதில்லை. அது வெறும் ஆளி. வெளியிலிருந்து 24 வோல்ற் கொடுத்து, இடையில் தடையி போடவேண்டும். கணக்கு எளிது: 24 வோல்ற்றை 2400 ஓமால் வகுத்தால் 10 மில்லி அம்பியர். தடையியில் 0.24 வாற் வெப்பமாகும். ஆகவே அரை வாற் தடையி நல்லது. தடையியின்றி நேரே இணைத்தால் உள்ளிருக்கும் திரான்சிஸ்டர் கருகிவிடும். அது தாங்கும் மின்னோட்டத்தைக் கையேட்டில் பாருங்கள்.

ரிலே இணைத்தால் சுருளுக்குக் குறுக்கே டயோட்டைத் தலைகீழாகப் போடுங்கள். ரிலே நிற்கும்போது எழும் மின்னழுத்தத்தை அது அடக்கும்.

கைபோகும் இயந்திரத்தை நிறுத்த இந்தச் சமிக்ஞையை நம்பவேண்டாம். அதற்குத் தனிப் பாதுகாப்பு ஆளி தேவை. கமராவை மாற்றலாம், விரலை மாற்றமுடியாது.