குரவை வட்டமும் தெமோதரை வளையமும்

பதுளையிலிருந்து வர்ற ரயில் முதலில் தெமோதரை ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கிற சுரங்கத்துக்குள் நுழையும். வெளியே வந்து மலையைச் சுற்றி ஏறி, கடைசியில் அதே சுரங்கத்துக்கு மேலே, ஸ்டேஷனில் வந்து நிற்கும். அதே இடம்தான், ஆனா மேலே. போன விடுமுறையில் லயத்துப் பிள்ளைகள் சிலருக்கு ஸ்தாயி என்றால் என்னன்னு விளங்கப்படுத்த முடியாமல் திணறியபோது கை கொடுத்தது இந்த வளையம்தான். கொப்பியில் கீறி, சுரங்கம் கீழ் ஸ, ஸ்டேஷன் மேல் ஸ என்றேன். விரலைக் கோட்டில் ஓடவிட்டுக்கொண்டே பாடினார்கள்.

பாட்டைக் கேட்டபடி விரலால் தொடர்வதற்கான இந்த மாதிரிப் படங்களை மேற்கத்தேய வகுப்பறைகளில் நிறையப் பயன்படுத்துகிறார்கள். அதனால் இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று தோன்றலாம். ஆனால் புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையில், கோயிலுக்குப் பின்னால் உள்ள பாறையில் 7ஆம் நூற்றாண்டிலேயே சுரங்களை வரிசை வரிசையாக, நாலு நாலாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று அந்தக் கல்வெட்டே சொல்கிறது. இத்தாலியில் கீதோ என்ற துறவி, பாடகர் குழுச் சிறுவர்கள் சீக்கிரம் படிக்கட்டும் என்று கோடுகளில் சுரங்களை எழுதியது 11ஆம் நூற்றாண்டில்தான்.

எனக்குப் பிடித்தது இதைவிடப் பழைய கதை. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை. கெட்ட சகுனங்களைக் கண்டு பயந்த மாதரி, கண்ணகியும் பார்க்கட்டும் என்று குரவை ஆட ஏற்பாடு செய்கிறாள். ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரையே அவர்களுக்கு வைக்கிறாள். அதிலும் குரல்தான் மாயவன், இளிதான் பலராமன், துத்தம்தான் நப்பின்னை. ஏட்டில் இல்லை, ஆட்களாலேயே ஒரு வரைபடம்!

இந்த வட்டத்தைத் திரும்பவும் தாளுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் நம்ம காரைதீவு விபுலாநந்த அடிகள். விஞ்ஞானம் படித்த ஆசிரியர். 1947இல் வெளிவந்த அவரது 'யாழ் நூல்' பன்னிரண்டு இராசி வீடுகளில் சுரங்களை வைக்கிற வட்டப்பாலையைக் கணக்கோடு விளக்குகிறது. நூல் அரங்கேறிய அடுத்த மாதமே அவர் இறந்துபோனார். குரல் என்பது இன்றைய எந்தச் சுரம் என்று அறிஞர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள், அதை விடுவோம். வட்டத்தின் வேலை எளிது. தொடங்கும் இடத்தை நகர்த்தினால் வேறு பண் பிறக்கும். கீபோர்டின் கறுப்புக் கட்டைகளில் மோகனத்தை வாசித்துவிட்டு, அதன் ரி-யை ஸ ஆக்கிப் பாருங்கள், மத்யமாவதி வரும். கட்டை ஒன்றும் மாறவில்லை, நின்ற இடம்தான் மாறியது.

இவ்வளவும் இருந்தும் நாங்கள் படித்த சங்கீத வகுப்பு சரளி வரிசையைக் கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதுவதுதான். தேர்வுக்கு எழுத்து போதும். பல தவணை கழிந்தும் காது ஒன்றையும் கேட்டிருக்காது. ஒலி இல்லாத படத்தைக் கொடுத்துவிட்டு, தோட்டத்துப் பிள்ளைக்கு ஞானம் இல்லை என்று சொல்வது என்ன நியாயம்?

மூன்றாம் நாள் ஒரு சின்னவள் தானாகவே கொப்பியை எடுத்தாள். பெரிய புள்ளி, இரண்டு சின்னப் புள்ளி, ஒரு இடைவெளி, திரும்பப் பெரிய புள்ளி. என்ன ராகம் என்று கேட்டேன்.

"ராகம் இல்ல அண்ணா, காமன் கூத்து தப்பு."

அவள் விரலை வைக்க, மற்றவர்கள் மேசையில் அடித்தார்கள்.