கோர்ட் படியேறிய கேக்

கேக்கின் நடுவே ஜாம் தடவலாமா, கூடாதா? இதற்காக வியன்னாவில் வக்கீல் வைத்து வாதாடியிருக்கிறார்கள். மோதிக்கொண்ட இரண்டுமே பெரிய இடம். ஒன்று, 1786-ல் தொடங்கி, ஹாப்ஸ்பர்க் அரண்மனைக்குப் பலகாரம் அனுப்பிய டேமல். இன்னொன்று, ஓபரா அரங்குக்குப் பின்னால் நிற்கும் ஹோட்டல் ஸாகர். (பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி 1824-ல் அரங்கேறிய பழைய நாடக அரங்கு இருந்த மனை அது.)

கதை 1832-ல் தொடங்குவதாகச் சொல்வார்கள். ஆஸ்திரிய அரசையே கைக்குள் வைத்திருந்த மெட்டர்னிக், விருந்தாளிகளுக்குப் புதிதாக ஓர் இனிப்பு கேட்டார். தலைமைச் சமையற்காரருக்கோ உடம்பு சரியில்லை. வேலை பழகிக்கொண்டிருந்த 16 வயது ஃபிரான்ஸ் ஸாகரின் தலையில் பொறுப்பு விழுந்தது. முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சாக்லேட், வெண்ணெய், மாவு சேர்த்துச் சுட்டு, ஆப்ரிகாட் ஜாம் பூசி, மேலே சாக்லேட் பாகை ஊற்றினான் பையன். இதில் குடும்பப் பெருமை எத்தனை கரண்டி கலந்திருக்கிறதோ!

சிக்கல் ஃபிரான்ஸின் மகன் எட்வர்ட் காலத்தில் முளைத்தது. அவர் தொழில் பழகியது டேமலில். கேக் இன்றைய பக்குவத்துக்கு வந்ததும் அங்கேதான். 1876-ல் தனியே ஹோட்டல் தொடங்கினார். 1892-ல் அவர் இறந்ததும், மனைவி அன்னா பொறுப்பேற்றார். கையில் சுருட்டு, காலடியில் புல்டாக் நாய்கள் என்று வியன்னாவையே மிரட்டிய சீமாட்டி! அவர் 1930-ல் மறைந்தார். 1934-ல் ஹோட்டல் திவால். அவர் மகன் (இவரும் எட்வர்ட்தான்) டேமலில் வேலைக்குச் சேர்ந்து, கேக்கை விற்கும் உரிமையையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டார். ஹோட்டலை வாங்கிய புது முதலாளிகள் சும்மா இருப்பார்களா? 1938-ல் ‘அசல் ஸாகர் டோர்ட்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள்.

உலகப் போர் முடிந்து, 1954-ல் வழக்கு தொடங்கியது. யார் அசல் என்ற கேள்வி, வெண்ணெயா மார்கரினா, ஜாம் எத்தனை பூச்சு என்பது வரைக்கும் இறங்கியது. இரண்டு கடைக்கும் வாடிக்கையாளரான எழுத்தாளர் ஃபிரீட்ரிஷ் டோர்பெர்க் சாட்சிக் கூண்டில் ஏறி, அன்னா இருந்தவரை கேக்கைக் குறுக்கே அறுத்து ஜாம் வைத்ததே இல்லை என்று சத்தியம் செய்தார். 1963-ல் கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஆனது. ‘அசல்’ பட்டமும் வட்ட முத்திரையும் ஹோட்டலுக்கு. முக்கோண முத்திரையும் எட்வர்ட் ஸாகரின் பெயரும் டேமலுக்கு. இன்றும் ஹோட்டல் கேக்கில் நடுவிலும் மேலுமாக இரண்டு பூச்சு ஜாம். டேமலில் மேலே மட்டும்.

இரண்டு கடைக்கும் நடந்தே போய்விடலாம். வெள்ளித் தட்டில் காப்பியும் ஒரு டம்ளர் தண்ணீரும் வரும். கேக்குடன் சர்க்கரை சேர்க்காத கிரீம். சாட்சியத்தைப் படித்தால் நியாயம் டேமல் பக்கம். தின்று பார்த்தால் என் ஓட்டு ஹோட்டலுக்கு. சற்று வறண்ட கேக்குக்கு நடு ஜாமின் புளிப்பு அவசியம். டயட் என்று சொல்லி அந்தக் கிரீமை மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். அது இல்லாமல் கேக் தொண்டையில் இறங்காது.