சீத்தைத் துணியிலிருந்து டிஜிட்டல் அச்சு வரை: நமக்கான உடையை நாமே அச்சிட்டுத் தைத்துக்கொள்வது

1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளிக்கிட்டபோது எங்கள் வீட்டு அலுமாரியில் அம்மாவின் சேலைகள் அப்படியே இருந்தன. திரும்பிப் போனபோது அலுமாரியே இருக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ்கள் இருந்த கோப்புக்குள் தற்செயலாக மாட்டிக்கொண்டு வந்த ஒரு படம் மட்டும் தப்பியது. 1993இல் ஒரு கல்யாண வீட்டில் எடுத்தது. அம்மா பூப்போட்ட சேலை ஒன்று கட்டி நிற்கிறா. அந்தப் பூவை மறுபடி துணியில் அச்சடித்து ஒரு சட்டை தைக்கலாமா என்ற கேள்வியோடுதான் இரண்டு வருடங்களுக்கு முன்னர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடை கடையாக ஏறி இறங்கத் தொடங்கினேன். இப்படி ஒரு படம் மட்டும் மிஞ்சிய வீடுகள் எங்களிடையே ஏராளம் என்பதால், அறிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விடயம். பூப்போட்ட பருத்தித் துணியை எங்கள் பாட்டிமார் சீத்தைத் துணி என்பார்கள். சீத்தைச் சட்டை, சீத்தைப் பாவாடை. ஆங்கிலத்தில் சின்ட்ஸ் என்று சொல்லப்படும் அதே துணிதான். சோழமண்டலக் கரையில் கையால் வரைந்தும் மரஅச்சால் பதித்தும் சாயமிட்ட இந்தத் துணி 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவைப் படாதபாடு படுத்தியது. தன் நெசவாளர்களைக் காப்பாற்ற பிரான்ஸ் 1686இல் இதைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1701இலும் 1721இலும் சட்டம் போட்டது. அந்தத் துணிகளின் சிவப்பு, சாயவேர் என்ற சிறு செடியின் வேரிலிருந்து வந்தது. படிகாரம் தடவிய இடத்தில் மட்டும் சிவப்பு பிடிக்கும். தடவாத இடம் கழுவும்போது வெளுத்துவிடும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் தோண்டப்பட்ட சாயவேருக்கு நல்ல பெயர். ஒல்லாந்தக் கம்பனி அதைத் தன் தனியுரிமையாக வைத்திருந்தது. வேர் தோண்டுவதற்கென்றே ஒரு சாதியினர் ஊழியக் கடமையில் கட்டப்பட்டிருந்தார்கள். அந்த அழகிய சிவப்பின் அடியில் கட்டாய உழைப்பும் கிடந்தது என்பதை மறந்துவிடக்கூடாது.

கொழும்புக்கும் துணியோடு பழைய உறவு உண்டு. இன்று புடவைக்கடைகளுக்குப் பெயர்போன வெள்ளவத்தையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே ஒரு பெரிய நூற்பு, நெசவு ஆலை இயங்கியது. 1933இல் அங்கு நடந்த வேலைநிறுத்தத்தில்தான் கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இடதுசாரிகள் தொழிலாளர் தலைவர்களாக அறியப்பட்டார்கள். 1983 ஜூலையில் காலி வீதியில் எரிந்த தமிழ்க் கடைகளில் புடவைக்கடைகளும் இருந்தன. அதே வீதியில் அவை திரும்பவும் எழுந்தன. 2007 ஜூன் 7ஆம் திகதி லொட்ஜுகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பியதும் இந்த வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தெருக்களிலிருந்துதான். மறுநாள் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. ஒரு பையோடு வந்து ஒரு பையோடு போனவர்களின் ஊரில் பழைய சேலை எங்கே இருக்கும்?

சரி, வேலைக்கு வருவோம்.

படத்தில் இருக்கும் பூவை அப்படியே பெருப்பித்து அச்சடிக்க முடியாது. என் படத்தில் பூவின் அகலம் 5 மில்லிமீற்றர். 600 டிபிஐயில் ஸ்கான் செய்தால் ஏறக்குறைய 120 பிக்சல் கிடைக்கும். துணியில் தெளிவாக விழ, உண்மையான அளவில் அங்குலத்துக்கு 150 பிக்சலாவது வேண்டும். அப்படியானால் சேலையில் அந்தப் பூ எவ்வளவு பெரிது என்று தெரியவேண்டும். உள்ளங்கையளவு என்றா அம்மா. அம்மாவின் நினைவை நான் முழுதாக நம்பவில்லை. படத்தில் கையோடு ஒட்டியே முந்தானை விழுகிறது, கையில் மணிக்கூடு. அந்த மணிக்கூடு இன்னும் எங்களிடம் இருக்கிறது. முகப்பு 22 மில்லிமீற்றர். படத்தில் பூ மணிக்கூட்டைப் போல மூன்று மடங்கு. ஆகவே ஆறரைச் சென்ரிமீற்றர். உங்கள் படத்திலும் கையில், காதில், பக்கத்துக் கதிரையில் இப்படி ஏதாவது ஓர் அளவுகோல் இருக்கும். தேடிப்பாருங்கள்.

ஆறரைச் சென்ரிமீற்றருக்குக் கிட்டத்தட்ட 390 பிக்சல் வேண்டும். என்னிடம் இருந்தது அதில் மூன்றிலொன்று. எனவே மெல்லிய தாளை வைத்துக் கையால் வரைந்து, பிறகு இங்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் கோடுகளாக மாற்றினேன். கோட்டு வடிவில் இருந்தால் எவ்வளவு பெருப்பித்தாலும் உடையாது.

நிறத்தில்தான் அதிக நேரம் போனது. அந்தக் காலக் கலர்ப் படங்களில் நீலச்சாயம் முதலில் மங்கி, படம் முழுவதும் சிவந்துபோவது வழக்கம். நான் அரக்குச் சிவப்பு என்று நினைத்திருந்த பூ, கத்தரிப்பூ நிறம் என்று அம்மா சொன்னா. வாதாடிப் பயனில்லை. படத்தில் அப்பாவின் வெள்ளைச் சேட் எவ்வளவு சிவந்திருக்கிறது என்று பார்த்து, அது வெள்ளையாகும்வரை கணினியில் திருத்தினேன். பூ தானாகவே கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தது. திரையில் தெரியும் நிறம் துணியில் அப்படியே வராது என்பதையும் சொல்லவேண்டும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, துணி சாயத்தால். கைக்குட்டையளவு துண்டில் ஒரே பூவை ஐந்தாறு நிறச்சாயலில் அச்சடித்துப் பார்க்காமல் மீற்றர் கணக்கில் கொடுக்காதீர்கள்.

பூக்களை ஒரே வரிசையாக அடுக்கினால் தூரத்தில் பார்க்கும்போது கோடு கோடாகத் தெரியும். ஒரு வரிசை விட்டு அடுத்த வரிசையை அரைப்பங்கு கீழே இறக்கினால் அந்தக் கோடு மறையும். பழைய சீத்தைத் துணிகள் பலவற்றில் இந்த அரை இறக்கத்தைக் காணலாம்.

அடுத்தது அச்சு. கொழும்பில் நான் போன சிறிய கடைகளில் பெரும்பாலும் இருந்தது சப்ளிமேஷன் முறைதான். விளையாட்டுக் கழகங்களின் ஜேர்சிகளுக்கு அதுதான் தேவை. காகிதத்தில் அச்சடித்த சாயம் ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ் சூட்டில் ஆவியாகி இழைக்குள் புகுந்துவிடும். நிறம் பளிச்சென்று இருக்கும், கழுவினாலும் போகாது. ஆனால் இது பொலியெஸ்டரில் மட்டும்தான் பிடிக்கும். கொட்டனில் நிற்காது. இதை அறியாமல் முதல் தடவை நான் கொண்டுபோன துணி, கொட்டன் என்று சொல்லி எனக்கு விற்கப்பட்டது. உண்மையில் அது கலப்புத் துணி. அச்சடித்துத் தந்த கடைக்காரரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு கழுவலில் கத்தரிப்பூ சாம்பல்பூவாகிவிட்டது. மூன்று மீற்றர் வீண்.

அதற்குப் பிறகு துணி வாங்கும்போது ஓரத்திலிருந்து இரண்டு நூல் உருவி, வீட்டில் சிங்கில் வைத்து எரித்துப் பார்ப்பேன். கொட்டன் கடதாசி எரிவதுபோல மணக்கும். சாம்பல் விரலில் தூளாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கடினமான மணியாக நிற்கும். இரண்டும் தெரிந்தால் கலப்பு.

கொட்டனில் அச்சடிக்கச் சிறந்தது ரியக்டிவ் சாயம். துணியை முன்கூட்டியே காரமும் யூரியாவும் கலந்த கரைசலில் தோய்த்து உலர்த்தி, அச்சடித்து, நீராவியில் வேகவைத்து, மிஞ்சிய சாயத்தைக் கழுவி எடுக்கவேண்டும். சாயம் இழையோடு வேதியியலாகப் பிணைந்துவிடும். துணியின் மென்மையும் கெடாது. வேலை அதிகம் என்பதால் சிறு கடைகள் இதில் இறங்குவதில்லை. பிக்மென்ட் முறையில் நிறத்தை ஒரு பசையால் மேலே ஒட்டிச் சூடாக்குவார்கள். எந்தத் துணிக்கும் பொருந்தும், மலிவு. கடும் நிறங்கள் மடிப்பில் உரைந்து வெளுக்கும். ரீசேர்ட்டுகளில் படம் ஒட்டும் டிடிஎஃப் முறை முழுத் துணிக்கு ஆகவே ஆகாது. பிளாஸ்டிக் படலம் போர்த்ததுபோல இருக்கும். கொழும்பு வெக்கையில் அரை மணித்தியாலம் தாங்கமாட்டீர்கள்.

கடைசியில் என் கொட்டன் துணி இந்தியாவில் அச்சாகி, ஓர் உறவினரின் பெட்டியில் வந்து சேர்ந்தது. புலம்பெயர் நாடுகளில் இருப்போருக்கு இது இன்னும் சுலபம். 2008இல் வட கரோலினாவில் தொடங்கிய ஸ்பூன்ஃபிளவர் போன்ற நிறுவனங்கள் ஒரு மீற்றர், இரண்டு மீற்றராகவும் அச்சடித்துத் தபாலில் அனுப்புகின்றன. இங்கிருந்து அப்படி வரவழைப்பது, 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தொட்ட பிறகு, சட்டைக்கு ஏற்ற விலையாக எனக்குத் தெரியவில்லை.

எதை அச்சடிக்கலாம் என்பதையும் இந்த நாட்டில் யோசிக்கவேண்டியிருக்கிறது. இராணுவச் சீருடை போன்ற உருமறைப்புப் புள்ளிகளைப் பொதுமக்கள் அணிய முடியாது. குழந்தைச் சட்டையாக இருந்தாலும் வேண்டாம். புலிகள் அமைப்பு தடைசெய்யப்பட்டிருப்பதால் அதன் சின்னமோ தலைவரின் படமோ உள்ள துணி நேரே பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் பக்கம் கொண்டுபோகும். இவை தெரிந்தவைதான். தெரியாத ஆபத்துக்கு 2019 மே மாதத்தைப் பாருங்கள். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் கொட்டாஞ்சேனைப் பகுதியின் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் சிதறிச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண், கப்பல் சுக்கான் சக்கரம் அச்சிட்ட கப்தான் அணிந்திருந்தார். அது தர்மசக்கரம் என்று சொல்லிக் கைது செய்தார்கள். பல நாட்கள் விளக்கமறியலில் இருந்த பிறகே பிணை கிடைத்தது. கடையில் வாங்கிய சாதாரணத் துணி அது. நாமே வரைந்து அச்சடித்தது என்றால் தெரியாமல் அணிந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. வட்டத்துக்குள் ஆரங்கள் உள்ள வடிவங்களை நான் தவிர்த்துவிட்டேன். இப்படி ஒதுங்க வேண்டியிருப்பது எனக்குக் கோபம்தான்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படத்தைத் துணியில் அச்சடிக்கலாமா என்று சில தாய்மார் கேட்டார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் மழையிலும் வெயிலிலும் பிடித்து நின்ற லமினேட் படங்கள் பழுதாகிவிட்டன என்பது அவர்களின் கவலை. இதற்கு கொட்டன் வேண்டாம். வெள்ளைப் பொலியெஸ்டரில் சப்ளிமேஷன்தான் முகத்தைத் தெளிவாகக் காட்டும், நனைந்தாலும் ஊறாது. தொடர்ந்து வெயிலில் கிடந்தால் அதுவும் மங்கும் என்பதால், பயன்படுத்தாத நேரத்தில் நிழலில் சுருட்டி வையுங்கள். மூலப் படத்தை அச்சகத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். ஸ்கான் செய்ததை மட்டும் கொடுங்கள்.

தையலுக்கு வெள்ளவத்தையில் எனக்கு உதவியவர் முல்லைத்தீவிலிருந்து வந்த ஓர் அக்கா. மீள்குடியேறிய பிறகு அவருக்கும் ஒரு தையல் மெஷின் கொடுத்திருந்தார்கள். பயிற்சியும் கொடுத்தார்கள். ஊரில் எல்லாப் பெண்களுக்கும் அதே மெஷின், அதே பயிற்சி. யார் யாருக்குத் தைக்கக் கொடுப்பது? குடும்பத் தலைவிகளுக்கான வாழ்வாதாரத் திட்டங்களைப் பற்றி வன்னியில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதை வரும். 1877இல் சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்த காலத்திலிருந்து தையல் மெஷின் ஒரு வீட்டின் சொத்தாக இருந்துவருகிறது. ஆனால் வாடிக்கையாளரை அது கூடவே கொண்டுவருவதில்லை. அக்கா இப்போது சேலைக்கு ஃபோல் அடித்தும் பிளவுஸ் தைத்தும் பிழைக்கிறார்.

அச்சுத் துணியில் அவர் சொல்லித் தந்தவை, புத்தகத்தில் படித்தவற்றைவிடப் பயன்பட்டன. வெட்டுவதற்கு முன் துணியை ஒரு தடவை கழுவி உலர்த்தவேண்டும். கொட்டன் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்குவரை சுருங்கும். 42 அங்குல நீளச் சட்டையில் அது இரண்டு அங்குலம். பூவின் தலை மேல்நோக்கி இருந்தால் முன், பின், கை எல்லாத் துண்டும் ஒரே பக்கம் பார்க்கவேண்டும். தலைகீழாக வைத்துத் துணி மிச்சம் பிடிக்க முடியாது. 44 அங்குல அகலத் துணியில் கை வைத்த சட்டை ஒன்றுக்கு இரண்டரை மீற்றர் போதும் என்றால், இப்படியான அச்சுக்கு மூன்று மீற்றர் எடுங்கள். கடைத் துணி பிழைத்தால் ஓடிப்போய் இன்னொரு யார் வாங்கலாம், இது பிழைத்தால் போனதுதான். அதனால் அக்கா முதலில் பழைய படுக்கை விரிப்பில் வெட்டி, ஓட்டி, எனக்குப் போட்டுப் பார்த்த பிறகே நல்ல துணியில் கத்தரிக்கோலை வைத்தார். மார்புக்கு நேர் நடுவில் முழுப் பூ விழாமல் ஒரு பக்கமாக நகர்த்தியதும் அவர்தான். நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

மெல்லிய கொட்டனுக்கு 11ஆம் இலக்க ஊசி. தடித்த 14 போட்டால் ஓட்டை தெரியும்; பிக்மென்ட் அச்சில் அந்த ஓட்டை வெள்ளைப் புள்ளியாகவே நிற்கும். பிரித்துத் தைக்கும் வாய்ப்பு குறைவு என்பதால் முதலில் கையால் நூலோட்டுங்கள். ஓவர்லொக் மெஷின் இல்லாதவர்கள், நல்ல பக்கம் வெளியே வைத்து ஒருமுறை தைத்து, திருப்பி உள்ளே மறுமுறை தைத்தால் ஓரம் பிரியாது. கழுவும்போது உட்புறம் வெளியே வரத் திருப்பி, குளிர்ந்த நீரில், நிழலில் காயப்போடுங்கள்.

சட்டை முடிந்ததும் அம்மாவிடம் காட்டினேன். நிறம் சரி, அளவு சரி. பூவின் நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி இருந்தது, அதை விட்டுவிட்டாய் என்றா. படத்தில் அது தெரியவில்லை. கோப்பில் சேர்த்துவிட்டேன்; ஒரு பிரதி என் மின்னஞ்சலிலும் இன்னொன்று கனடாவில் இருக்கும் தங்கச்சியிடமும் இருக்கிறது. அவ அடுத்த மாதம் தன் மகளுக்கு ஒரு மீற்றர் அச்சடிக்கப்போகிறா.