பெயரனும் பாட்டன் பெயரும்

பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அச்சொல்லே வழக்கிற் பேரன் என மருவிற்று. எபிரேயரிடத்தும் இம்மரபு உண்டு. அவருள் செபார்டியர் உயிரோடிருக்கும் பாட்டன் பெயரையும் குழந்தைக்கு இடுவர். அஷ்கெனாசியர் மறைந்தோர் பெயரையே இடுவர். பெயரோடு தந்தை பெயரை இணைக்கும் ‘பென்’ என்னும் எபிரேயச் சொல்லுக்கு மகன் என்பது பொருள். நாம் தலைப்பிலிடும் தந்தை பெயரின் முதலெழுத்தும் அப்பணியையே புரிகின்றது.

நோர்வூட் முதலிய மலையகத் தோட்டங்களில் இம்மரபு பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. இங்குப் பிறந்தோரிடமும், தந்தை இலங்கையிற் பிறந்தவர், அன்றேல் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தோர் என நிறுவுமாறு 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் கேட்டது. பாட்டன் பெயரைத் தாங்கியோர் பலரிடம் அவர் பிறப்பை நிறுவும் ஏடு இருக்கவில்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். அவருள் எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே குடியுரிமை நல்கிற்று. ஆதலின், முன்னோர் பெயரைக் குழந்தைக்கு இடுவதோடு அமையாது, பிறப்புப் பதிவிலும் அதனைப் பிழையறப் பொறித்தல் நம் கடனாகும்.