கோணல் முத்து

'பரோக்' என்னும் சொல், 'பரோக்கோ' என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து பிறந்தது என்பர் பலர். உருண்டையாக அமையாமல் கோணலாக விளைந்த முத்துக்கு அவர்கள் வழங்கிய பெயர் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் கலை அறிஞர்கள், தங்களுக்கு முந்திய நூற்றாண்டின் ஆலயங்களையும் ஓவியங்களையும் கண்டு முகம் சுளித்து இந்தப் பெயரைச் சூட்டினர். அளவு மீறியது, ஒழுங்கு குலைந்தது என்பதே அவர்கள் கருத்து. இகழ்ந்து இட்ட பெயரே வரலாற்றில் நிலைத்துவிட்டது. 'கோதிக்' என்பதும் அவ்வாறு வந்த பெயர்தான். 1888-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஹைன்ரிக் வோல்ஃப்லின், மறுமலர்ச்சிக் கலையையும் பரோக் கலையையும் ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். பரோக் தனக்கென ஓர் இலக்கணம் உடைய பாணி என்பதை அறிஞர் உலகம் உணர அந்நூல் பெரிதும் துணை நின்றது.

கட்டடக் கலையின் பாணிகளைத் தூண், வளைவு, குவிமாடம் என உறுப்புகளைக் கொண்டு பிரித்தறிவது வழக்கம். அது தேவையே. ஆயினும் ஆலயங்களைப் பொறுத்தவரை, அதைவிட எளிய கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கட்டடத்தில் மக்கள் எங்கே நிற்கிறார்கள்? அவர்களுடைய கண்ணுக்கு எது தெரிகிறது? காதுக்கு எது எட்டுகிறது? இந்தக் கேள்வியோடு அணுகினால், ஒவ்வொரு பாணியும் தன் உள்ளத்தைத் திறந்து காட்டும்.

பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் செழித்தது ரோமனெஸ்க் பாணி. கோட்டை மதில் போன்ற தடித்த சுவர்கள், அரைவட்ட வளைவுகள், சிறிய சாளரங்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். கற்கூரையின் பாரத்தைச் சுவரே தாங்கவேண்டி இருந்ததால், சாளரங்களைப் பெரிதாக்க இயலவில்லை. உள்ளே நுழைந்தவரை அரையிருள் சூழ்ந்தது. புயலுக்கு ஒதுங்கியவர் உணரும் பாதுகாப்பை அந்த இருள் தந்தது.

1144-ஆம் ஆண்டில், பாரிசு நகருக்கு அருகிலுள்ள தூய தெனி மடாலயக் கோவிலின் பீடப்பகுதியை மடாதிபதி சுகேர் புதுப்பித்து அர்ச்சித்தார். கோதிக் பாணியின் தொடக்கமாக அதனையே குறிப்பிடுவர். கூர் வளைவுகளும், கூரையில் எலும்புக்கூடு போல் ஓடும் கல்விலாக்களும், பின்னாளில் வெளிப்புறத்திலிருந்து கை கொடுத்துத் தாங்கும் முட்டுவளைவுகளும் சேர்ந்து, சுவர் சுமந்த பாரத்தை ஏற்றுக்கொண்டன. பாரம் நீங்கிய சுவர் வண்ணக் கண்ணாடியாயிற்று. எழுத்தறியா மக்களும் மீட்பின் வரலாற்றைக் கதிரவன் ஒளியிலேயே கண்டனர். ஆயினும், பல பேராலயங்களில் மக்களுக்கும் பீடத்துக்கும் இடையே ஒரு தடுப்பு நின்றது. குருக்களும் துறவியரும் தடுப்புக்கு அப்பால் பாட, மக்கள் இப்பால் நின்றனர். ஒளி எல்லாருக்கும் கிடைத்தது. பீடம் எல்லாருக்கும் தெரியவில்லை.

மறுமலர்ச்சிக் காலம் பழைய உரோமையின் அளவுகளைத் தேடிச் சென்றது. புளோரன்சு பேராலயத்தின் மீது புருனெல்லெஸ்கி எழுப்பிய குவிமாடம் 1436-இல் நிறைவுற்றது. வட்டமும் சதுரமும் எண்களின் இசைவும் அக்காலக் கலைஞருக்கு இறைவனின் கைரேகைகளாகத் தோன்றின. அந்தக் கட்டடங்களில் அமைதி உண்டு. அறிவுக்கு நிறைவு உண்டு. அந்த இசைவின் உச்சமாக, 1506-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் புதிய தூய பேதுரு பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதற்குப் பொருள் திரட்ட, 'பலன்'கள் காணிக்கையோடு பிணைத்து அறிவிக்கப்பட்டதும், 1517-இல் மார்ட்டின் லூதர் எதிர்க்குரல் எழுப்பியதும் நாம் அறிந்த வரலாறு. உலகின் மாபெரும் ஆலயம் எழுந்த காலமே திருச்சபை பிளவுண்ட காலமும் ஆயிற்று. கலை வரலாற்றைப் படிப்போர் மறக்கக்கூடாத உண்மை இது.

1545 முதல் 1563 வரை பல கட்டங்களாகக் கூடிய திரிதெந்துப் பொதுச்சங்கம், தன் இறுதி அமர்வில் திருவுருவங்களைப் பற்றி ஓர் ஆணை வெளியிட்டது. உருவத்துக்குச் செலுத்தும் வணக்கம் அது குறிக்கும் ஆளையே சென்று சேர்கிறது. உருவங்கள் மக்களுக்கு விசுவாசத்தைக் கற்பிக்கவேண்டும். மூடநம்பிக்கையும் ஆதாயத் தேட்டமும் விலக்கப்படவேண்டும் என்பதே அதன் சாரம். முறுக்குத் தூண் செய்யுங்கள் என்றோ, பொன் பூசுங்கள் என்றோ சங்கம் எங்கும் சொல்லவில்லை. பின் பரோக் எங்கிருந்து வந்தது?

மக்களைப் பீடத்தருகே அழைத்ததிலிருந்து வந்தது என்பதே என் துணிபு. 1565-ஆம் ஆண்டு தொடங்கி, புளோரன்சு நகரின் புகழ்பெற்ற இரு ஆலயங்களான சாந்தா மரியா நொவெல்லாவிலும் சாந்தா குரோச்சேயிலும், பழைய தடுப்புகளைக் கலைஞர் வசாரி அகற்றினார். பீடம் மக்களின் பார்வைக்கு வந்தது. 1568-இல் உரோமையில் இயேசு சபையாரின் தலைமை ஆலயமான 'இல் ஜேசு'வின் பணி தொடங்கியது. பொருளுதவி அளித்த கர்தினால் அலெக்சாந்திரோ ஃபர்னேசே, கட்டடக் கலைஞர் விஞ்ஞோலாவுக்கு எழுதிய மடல் இன்றும் கிடைக்கிறது. பக்கக்கூடங்கள் வேண்டாம், ஒரே பெருங்கூடம் போதும், இருமருங்கிலும் சிற்றாலயங்கள் அமையட்டும் என்று அவர் பணித்தார். கூரையைப் பற்றி மட்டும் கருத்து வேற்றுமை எழுந்தது. வளைகூரை எதிரொலி எழுப்பி மறையுரையைக் குலைக்குமோ என அஞ்சிய இயேசு சபையார், மரத்தாலான தட்டைக் கூரையை விரும்பினர். கர்தினால் வளைகூரையே வேண்டும் என்றார். அவர் சொல்லே நின்றது. 1584-இல் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது.

இன்று அங்கே செல்வோரின் கண்களை முதலில் கவர்வது பொன்னும் ஓவியமும்தான். ஆனால், கூடத்தின் கூரையில் கவுல்லி தீட்டிய இயேசுவின் திருப்பெயர் வெற்றி ஓவியம் 1676-க்கும் 1679-க்கும் இடைப்பட்டது. தூய இஞ்ஞாசியார் பீடத்தை அந்திரேயா பொட்சோ அமைத்தது 1695-க்குப் பிறகு. அதாவது, ஆலயம் அர்ச்சிக்கப்பட்டு ஏறத்தாழ நூறு ஆண்டுகள், அந்தப் பெருங்கூரை ஓவியமின்றி வெறுமையாகவே இருந்தது. மக்கள் பார்க்கவும் கேட்கவும் இடம் அமைத்தது முதலில். பொன் வந்தது பின்னர். இந்த வரிசையை மனத்தில் கொள்ளாதவர் பரோக் கலையை வெறும் பகட்டு என்றே எண்ணுவர்.

இனி அதன் இயல்புகளைக் காண்போம். முதலாவது, அசைவு. மறுமலர்ச்சிச் சிற்பம் நிற்கும். பரோக் சிற்பம் திரும்பும், எழும், பதறும். இரண்டாவது, ஒளியைக் கையாளும் திறம். உரோமையின் சாந்தா மரியா தெல்லா வித்தோரியா ஆலயத்தில், தூய அவிலா தெரேசாவின் பரவசத்தைப் பெர்னினி 1647 முதல் 1652 வரை உழைத்துச் சலவைக்கல்லில் வடித்தார். பார்ப்பவர் கண்ணில் படாத ஒரு சாளரத்தின் வழியே மேலிருந்து ஒளி இறங்குகிறது. எங்கிருந்து வருகிறது என அறியாமல் வந்து தொடுவதன்றோ அருள்! மூன்றாவது, கலைகளின் கலப்பு. கட்டடம் முடிந்து சிற்பம் தொடங்குவதும், சிற்பம் முடிந்து ஓவியம் தொடங்குவதும் எங்கே எனச் சொல்ல இயலாது. நான்காவதே தலையாயது: பார்ப்பவரையும் கலைப்படைப்பின் ஓர் உறுப்பாகக் கொள்ளுதல். உரோமையின் தூய இஞ்ஞாசியார் ஆலயத்தில் குவிமாடம் கட்டப்படவில்லை. பொட்சோ 1685-இல் தட்டையான துணிப்பரப்பில் ஒரு குவிமாடத்தைத் தீட்டி அங்கே பொருத்தினார். எங்கே நின்றால் அது மெய்யான குவிமாடமாகத் தோன்றும் என்பதற்குத் தரையில் ஒரு வட்டக்கல் பதிக்கப்பட்டுள்ளது. நிற்பவரை மனத்தில் வைத்தே கலைஞர் கோடு இழுத்தார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அப்படி நிற்பவர் யார் என்பதைக் காரவாஜோ காட்டினார். உரோமையின் தூய அகுஸ்தினார் ஆலயத்துக்கென 1604-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் தீட்டிய லொரேத்தோ அன்னை ஓவியத்தில், வறிய திருப்பயணியர் இருவர் வாசலில் முழந்தாளிட்டுள்ளனர். ஆணின் அழுக்கேறிய உள்ளங்கால்கள் நம்மை நோக்கி நீண்டிருக்கின்றன. பீடத்துக்கு மேல் மாட்டும் ஓவியத்தில் புழுதி படிந்த கால்களா என முணுமுணுத்தவர் உண்டு. ஆனால் ஓவியம் இன்றும் அதே ஆலயத்தில் இருக்கிறது. அதன்முன் முழந்தாளிடும் ஏழை, தன் காலையே அங்கே காண்கிறார்.

1656-இல் தொடங்கிப் பெர்னினி அமைத்த தூய பேதுரு சதுக்கமும் இதே உள்ளத்தின் விரிவுதான். 284 தூண்கள் நான்கு வரிசையாக வளைந்து நிற்கின்றன. கத்தோலிக்கரையும் பிரிந்து சென்றோரையும் நம்பாதோரையும் அணைக்க விரிந்த தாயின் கரங்களாகப் பெர்னினியே அவற்றை விளக்கியுள்ளார். பிளவின் காலத்தில் தொடங்கிய பணியின் வாசல், அணைக்கும் கைகளாக முடிந்தது பொருள் நிறைந்தது.

எனினும், ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது உண்மைக்கு உகந்ததன்று. உரோமையின் நவோனா சதுக்கத்தில் 1648 முதல் 1651 வரை நான்கு நதிகளின் நீரூற்று எழுந்தபோது, மக்கள் அப்பத்துக்குத் திண்டாடினர். நீரூற்றைச் சாடி எழுதிய தாள்கள் தெருவில் ஒட்டப்பட்டன. கடல் கடந்த நிலையோ இன்னும் கொடியது. இன்றைய பொலிவியாவிலுள்ள பொத்தோசி மலையின் வெள்ளி, ஐரோப்பியப் பேரரசின் கருவூலத்தை நிரப்பியது. 1570-களில் முறைப்படுத்தப்பட்ட 'மித்தா' என்னும் கட்டாய உழைப்பு முறையால், அந்தியசு மலைவாழ் மக்கள் முறைவைத்து அச்சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டனர், மாண்டோர் ஏராளம். அதே நகரின் ஆலய முகப்புகளில் அம்மக்களின் கைவண்ணம் கல்லில் பூத்திருக்கிறது. அந்தக் கல்லைப் போற்றுவோர் அந்தச் சுரங்கத்தை மறத்தல் ஆகாது. கடைசியில் நிற்பவருக்காகத் தொடங்கிய கலை, சில இடங்களில் அவர் முதுகின் மேலேயே ஏறி நின்றது.

பொன் இன்றியும் பரோக் உண்டு என்பதற்குப் பொரோமினியின் கைவேலை சான்று பகரும். அடிமைகளாய்ச் சிறைப்பட்டோரை மீட்கவென்று தோன்றிய சபை திரித்துவ சபை. அதன் காலணி துறந்த துறவியர் சிலர் உரோமையில் மிகச் சிறிய மனை ஒன்றில் வாழ்ந்தனர். அவர்களுக்காகப் பொரோமினி 1638-இல் தூய கார்லோ ஆலயத்தைத் தொடங்கினார். தூய பேதுரு பேராலயத்தின் குவிமாடத்தைத் தாங்கும் தூண் ஒன்றுக்குள் இந்த ஆலயம் அடங்கிவிடும் என்று சொல்வதுண்டு. செங்கல்லும் சுதையும்தான் முதன்மைப் பொருள்கள். சுவர்கள் அலைபோல் உள்வாங்கிப் புடைக்கின்றன. முட்டை வடிவக் குவிமாடம் ஒளியில் மிதக்கிறது. செல்வம் இல்லாத இடத்தில் சிந்தனையே செல்வமாயிற்று.

நம் மண்ணோடும் இந்த வரலாற்றுக்கு ஓர் உறவு உண்டு. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த தூய சவேரியார், கடற்கரை மக்களுக்குத் தமிழில் செபங்களைக் கற்பித்தார். திருமுழுக்கு அளித்து அளித்துக் கைகள் ஓய்ந்துபோவதாக 1544-இல் எழுதிய மடலில் குறிப்பிடுகிறார். அவருடைய வலக்கையின் முன்பகுதி 1614-இல் பிரிக்கப்பட்டு, உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அது இன்று 'இல் ஜேசு' ஆலயத்தில், சவேரியார் பீடத்தில், பொன்னொளிக்கு நடுவே வைக்கப்பட்டுள்ளது. சுற்றிலும் உள்ள சிறப்பெல்லாம் அந்தக் கைக்கு உரியது. அந்தக் கையோ முத்துக்குளிப்போரின் தலைமேல் நீர் வார்த்த கை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, திருக்கலையில் வெறும் ஆடம்பரத்தை அன்று, மாண்புள்ள அழகையே நாடச் சொல்கிறது. ஆலயம் கட்டும்போது மக்கள் முழுமையாகப் பங்கேற்க ஏற்றவாறு அமைக்கவும் சொல்கிறது. பலர் இதனைப் பரோக் கலைக்கு எதிரான தீர்ப்பாகக் கருதுவர். அதன் தொடக்கத்தை நினைவுகூர்ந்தால், இது அதே கேள்வியின் மறுபிறப்பு என்பது விளங்கும். இன்று நம் பங்குகளில் புதிய ஆலயம் எழும்போது, கோபுரத்தின் உயரத்தையும் தரைக்கல்லின் பளபளப்பையும் பற்றி நெடுநேரம் பேசுகிறோம். வாசலோரம் அமர்ந்திருக்கும் முதியவளுக்குப் பீடம் தெரியுமா, மறையுரை கேட்குமா என்று முதலில் கேட்போம். அதற்கு ஆம் என்ற விடை கிடைத்த பிறகு, எஞ்சிய பொருளைக்கொண்டு எத்தகைய அழகு செய்தாலும் அது அவளுக்கும் உரியதாகவே இருக்கும்.